தண்ணீர் வடிந்த பிறகு: ஸ்டோயிக் சிந்தனை பற்றி வண்ணாரப்பேட்டையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆறேழு பேர் உட்கார்ந்து படிப்போம். காசிமேட்டில் படகு வேலை செய்கிறவர், மீன் விற்கிற அக்கா, குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற தம்பி, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் என்று கலவையான கூட்டம். கொஞ்ச காலமாக ஸ்டோயிக்குகளைத்தான் படிக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. நான் பேராசிரியர் இல்லை. தப்பு இருந்தால் கடைக்கு வந்து சொல்லுங்கள், டீ வாங்கித் தருகிறேன்.

யார் இந்த ஸ்டோயிக்குகள்? சாமியார்களா?

இல்லை. ஆரம்பித்தவரே ஒரு வியாபாரி. சைப்ரஸ் தீவுக்காரர் ஸீனோ, ஊதாச் சாயச் சரக்கோடு வந்துகொண்டிருந்தபோது ஏதென்ஸ் துறைமுகம் பக்கம் கப்பல் உடைந்துவிட்டது. வெறுங்கையோடு ஊருக்குள் போனவர் ஒரு புத்தகக் கடையில் உட்கார்ந்தார். கடைக்காரர் சாக்ரடீஸைப் பற்றிய புத்தகத்தை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தார். "இந்த மாதிரி ஆளுங்க எங்க இருப்பாங்க?" என்று ஸீனோ கேட்க, அந்த நேரம் தெருவில் போன கிரேட்டஸ் என்ற தத்துவவாதியைக் கடைக்காரர் கை காட்டினார். அவர் பின்னால் போனவர்தான். பிற்காலத்தில், கப்பல் உடைந்த அந்தப் பயணம்தான் எனக்கு லாபமான பயணம் என்று சொன்னாராம்.

பொ.மு. 300 வாக்கில் ஏதென்ஸில் ஓவியம் தீட்டிய ஒரு தூண் மண்டபத்தில் பாடம் நடத்த ஆரம்பித்தார். அந்த மண்டபத்துக்கு ஸ்டோவா என்று பெயர். அதிலிருந்துதான் ஸ்டோயிக். நம் ஊர் திண்ணைப் பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் படிப்பது அவருக்கு முன்னூறு, நானூறு வருஷம் கழித்து ரோமாபுரியில் வாழ்ந்த மூன்று பேரை. அரசவையில் இருந்த செனிகா, அடிமையாக இருந்து ஆசிரியரான எபிக்டெட்டஸ், 161 முதல் 180 வரை பேரரசராக இருந்த மார்கஸ் அரேலியஸ். மூன்று பேரில் எனக்குப் பிடித்தவர் எபிக்டெட்டஸ். காரணம் பின்னால் வரும்.

"தடையே வழி" என்று சொல்கிறார்களே, நிஜமாகவா? கஷ்டம் வந்தால் சந்தோஷப்படணுமா?

வேண்டாம். சந்தோஷப்படச் சொன்னவர் யாரும் இல்லை.

மார்கஸ் அரேலியஸ் தன் குறிப்புகளில் எழுதியது ஏறக்குறைய இதுதான்: செயலுக்குக் குறுக்கே நிற்பதே செயலை முன்னே தள்ளுகிறது, வழியை மறிப்பதே வழியாகிறது. இந்த ஒரு வரியைப் பிய்த்து டீ ஷர்ட்டில் போட்டுவிட்டார்கள். அந்தப் பத்தியில் அவர் பேசிக்கொண்டிருப்பது குறுக்கே வருகிற மனிதர்களைப் பற்றி. மனிதர்களுக்கு நல்லது செய்வதுதான் நம் வேலை. ஆனால் அவர்களே குறுக்கே நின்றால், வெயில், காற்று மாதிரி எடுத்துக்கொள். என் வேலையை அவர்கள் தடுக்கலாம், என் மனத்தின் நோக்கைத் தடுக்க முடியாது. நோக்கு வேறு பக்கம் திரும்பி, கிடைத்ததை வைத்து வேலையைத் தொடரும். இவ்வளவுதான் விஷயம்.

எங்கள் காசிமேட்டு அண்ணனுக்கு இது சொல்லாமலே புரிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, அரசாங்க உத்தரவு. வருமானம் நின்றுவிடும், கடன் ஏறும். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். படகைக் கரையேற்றி அடியில் ஒட்டின பாசியைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்து மாட்டி, வலைப் பொத்தலை அடைத்துக்கொண்டிருப்பார்கள். "தடை இல்லன்னா இந்த வேலைய எவன் எப்பண்ணா செய்வான்?" என்றார். கூடவே, "அதுக்காகத் தடை நல்லதுன்னு சொல்லமாட்டேன்" என்றும் சொன்னார். இரண்டையும் சேர்த்துத்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் கேட்பீர்கள். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு ஷட்டரைத் தூக்கினால் பாதியில் சேறு பிடித்துக்கொண்டது. குனிந்து உள்ளே போனேன். ஏ4 கட்டுகள் நனைந்த பன் மாதிரி ஊதி, மேல் உறையைக் கிழித்துக்கொண்டு நின்றன. டோனர் டப்பா மிதந்து திறந்திருந்தது. தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சுவரைச் சுற்றி ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஒரு கறுப்புக் கோடு. மிஷினின் பக்கக் கதவைத் திறந்தேன், காலில் கொட்டியது. அந்த மிஷின் தவணையில் வாங்கியது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்து அழுதேன். எபிக்டெட்டஸ் அப்போது ஞாபகத்துக்கு வரவே இல்லை.

மறுநாள் பின் தெரு ஆயா ஒருவர் நனைந்த ரேஷன் கார்டைக் கேரிபேக்கில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"நைனா, இத்த ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடு."

"மிஷின் போச்சு ஆயா."

"கை கீதுல்ல? அப்ப எழுதிக் குடு."

புயல் நிவாரணம் 6,000 ரூபாயை ரேஷன் கடை வழியாகக் கொடுத்தார்கள். கார்டு இல்லாதவர்கள், கார்டு வேறு ஊரில் இருப்பவர்கள் மனு கொடுக்க வேண்டியிருந்தது. கடை வாசலில் ஸ்டூல் போட்டு இரண்டு வாரம் மனு எழுதினேன். சிலர் பத்து ரூபாய் கொடுத்தார்கள், பலரிடம் நான் வாங்கவில்லை. மிஷின் இருந்திருந்தால் அந்த இரண்டு வாரமும் நான் பட்டனைத்தான் அழுத்திக்கொண்டிருப்பேன். எங்கள் தெருவில் யார் வீட்டில் யார் படுத்த படுக்கை, யாருக்கு என்ன பாக்கி என்பதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது மனு எழுதியபோதுதான். இதை வளர்ச்சி என்று சொல்லலாமா தெரியாது. கையெழுத்து நிச்சயமாகத் திருந்தியது.

எது என் கையில், எது என் கையில் இல்லை? எப்படிப் பிரிப்பது?

எபிக்டெட்டஸின் கைநூல் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. நம் கையில் உள்ளவை: கருத்து, முனைப்பு, விருப்பம், வெறுப்பு. இல்லாதவை: உடம்பு, சொத்து, பேர், பதவி. முதல் தடவை படிக்கும்போது "உடம்பு கூடவா?" என்று எல்லோரும் அதிர்ச்சி ஆகிறார்கள். சொல்கிற மனிதர் கால் ஊனமானவர், பிறர் சொத்தாக வாழ்ந்தவர். சும்மா சொல்லவில்லை.

ஆனால் இந்தப் பிரிவினையை வாழ்க்கையில் வைத்துப் பார்த்தால் குழப்பம் வரும். தேர்வு என் கையிலா? முழுக்க இல்லை, முழுக்க இல்லாமலும் இல்லை. இதற்கு ஸ்டோயிக்குகள் வில்லாளியை உதாரணம் காட்டுவார்கள். குறி பார்ப்பது, நாணை இழுப்பது, விடுவது வரை அவன் பாடு. விட்ட பிறகு காற்று வீசலாம், மான் நகரலாம். நாம் வடசென்னைக்காரர்கள், நமக்கு வில் எதற்கு? கேரம் போர்டு போதும். வியாசர்பாடி இளவழகி உலகப் பட்டம் வாங்கியது இந்த விளையாட்டில்தான். ஸ்ட்ரைக்கர் விரலை விட்டுப் போகும் வரைதான் உங்களுடையது. அப்புறம் பவுடர், போர்டின் வாட்டம், எதிராளி காயின், எல்லாம் சேர்ந்து முடிவு பண்ணும். காயின் எங்கே கிடக்கிறதோ அங்கிருந்துதான் அடுத்த ஷாட். "இது இங்க இருந்திருந்தா" என்று எவனும் அடிக்க முடியாது.

குரூப் 4 தம்பிக்கு நான் சொன்னது: "பாஸாகணும்" என்பதை எழுதி ஒட்டாதே, "ராத்திரி ஒன்பது மணிக்குள் ஒரு வினாத்தாள்" என்று எழுது. அவன் முகத்தைச் சுளித்தான். இரண்டு தடவை எழுதிவிட்டான், இன்னும் கட் ஆஃப் எட்டவில்லை. ஆனால் முதல் தடவை ரிசல்ட் வந்தபோது பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை, இரண்டாவது தடவை மறுநாளே ஞாயிறு வகுப்புக்கு வந்துவிட்டான். அது வரைக்கும்தான் நான் சாட்சி.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கம்: எதைத் திட்டமிட்டாலும் "இடையில் ஒன்றும் நேராவிட்டால்" என்று சேர்த்துக்கொள்வது. கப்பல் ஏறுவேன், எதுவும் குறுக்கே வராவிட்டால், என்று செனிகா எழுதுகிறார். எங்கள் பாய் கடைக்காரர் "இன்ஷா அல்லா" சேர்க்காமல் ஒரு வாக்கியம் பேசமாட்டார். அவருக்கு நான் இதைக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

எனக்குக் கோபம் வரும். தண்ணி லாரி வரிசையில், பஸ்ஸில், வீட்டில். அதற்கு ஏதாவது?

இதற்கு எபிக்டெட்டஸ் சொன்ன குளியல் கூடம் உதாரணம் உண்டு. ரோமானியர்களுக்குப் பொதுக் குளியல் கூடம். கிளம்புவதற்கு முன் அங்கே என்ன நடக்கும் என்று நினைத்துப் பார் என்கிறார். ஒருவன் தண்ணீர் தெறிப்பான், ஒருவன் இடிப்பான், ஒருவன் திட்டுவான், ஒருவன் துணியைத் திருடுவான். "எனக்குக் குளிக்கவும் வேண்டும், மனசு கெடாமலும் இருக்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு போ. அப்போது யாராவது இடித்தாலும், நான் வந்தது குளிக்க மட்டும் இல்லையே என்ற நினைப்பு வரும்.

மீன் விற்கிற அக்கா இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அது லாரித் தண்ணிதானே? குடத்த நவுத்துவாளுங்க, நடுவுல பூருவாளுங்க, லாரிக்காரன் பாதியிலயே ஓஸ எடுத்துருவான்." அன்றிலிருந்து குடத்தை எடுக்கும்போதே இதை ஒரு தடவை சொல்லிக்கொள்கிறாராம். சண்டை நின்றுவிட்டதா என்று கேட்டேன். "சண்ட போடுவேன். ஆனா வூட்டுக்கு வந்தா அத நெனைக்கறதில்ல" என்றார்.

வீட்டுக் கோபத்துக்கு வேறு ஒன்று. எந்த விஷயத்துக்கும் இரண்டு கைப்பிடி உண்டு, ஒன்றைப் பிடித்தால் தூக்கலாம், இன்னொன்றைப் பிடித்தால் தூக்க முடியாது என்கிறார் எபிக்டெட்டஸ். அண்ணன் துரோகம் செய்தால் "துரோகம் செய்தான்" என்ற பக்கம் பிடிக்காதே, "அண்ணன், கூடப் பிறந்து வளர்ந்தவன்" என்ற பக்கம் பிடி. சொத்து வழக்கில் இருப்பவர்கள் இந்தப் பத்தியைப் படித்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். எனக்கும் என் அண்ணனோடு பேச்சு இல்லை, ஆறு வருஷமாகிறது. ஆக இதில் நான் சிபாரிசு மட்டும் செய்கிறேன்.

அப்போ உணர்ச்சியே இல்லாமல் கல்லு மாதிரி இருக்கணுமா?

இரண்டாம் நூற்றாண்டில் ஔலஸ் கெல்லியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் ஒரு கப்பல் பயணத்தை எழுதியிருக்கிறார். நடுக்கடலில் புயல். கூட வந்த பிரபல ஸ்டோயிக் ஆசிரியரின் முகம் மற்றவர்களைப் போலவே வெளிறிவிட்டது. புயல் அடங்கியதும் ஒரு பணக்காரப் பயணி, "நீங்களே பயந்துட்டீங்களே?" என்று கிண்டல் செய்கிறார். கெல்லியஸ் தனியாக, மரியாதையாகக் கேட்டபோது ஆசிரியர் எபிக்டெட்டஸின் நூலை எடுத்துக் காட்டுகிறார். திடீரென்று ஒரு சத்தம், ஒரு அபாயம் வந்தால் ஞானியும் வெளிறுவான், அது அறிவுக்கு முன்னால் உடம்பு செய்வது. ஞானி அதற்கு அப்புறம் "இது பயப்பட வேண்டிய கேடுதான்" என்று கையெழுத்துப் போடமாட்டான். வித்தியாசம் அந்த இடத்தில்தான்.

காசிமேட்டு அண்ணன் தலையாட்டினார். அலை தூக்கிப் போடும்போது வயிறு எல்லோருக்கும்தான் கலங்கும், கலங்கின வயிற்றோடு சுக்கானை எவன் பிடிக்கிறான் என்பதுதான் கேள்வி என்றார். எனக்கு அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

சாவு வீட்டுக்கும் இதுவே. நண்பனை இழந்தவருக்குச் செனிகா எழுதும்போது கண்கள் வறண்டும் இருக்க வேண்டாம், வழிந்தோடவும் வேண்டாம் என்கிறார். மார்கஸ் அரேலியஸ் தன் பிள்ளைகளில் பலரைப் பறிகொடுத்தவர். தயவுசெய்து எழவு வீட்டில் போய் "இதையும் வாய்ப்பா பாருங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள், போதும்.

எங்க ஏரியாவுல வெள்ளம், எண்ணெய், புகை. இதையும் பொறுத்துக்கோன்னு சொல்றீங்களா?

முக்கியமான கேள்வி. பெரம்பூர் பெரியவர் முதல் நாளே இதைத்தான் கேட்டார், கொஞ்சம் சூடாகவே.

அதே 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு. "இது உங்கள் மன வலிமையைச் சோதிக்கும் வாய்ப்பு" என்று அந்த மீனவர்களிடம் போய்ச் சொல்கிறவனுக்குத் தத்துவம் தெரியாது, வெட்கமும் தெரியாது.

ஸ்டோயிக்குகளுக்கு நற்குணம் நான்கு: விவேகம், துணிவு, தன்னடக்கம், நீதி. பொறுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் நான்காவதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். எபிக்டெட்டஸ் மாணவர்களுக்குச் சொன்ன கதை ஒன்று. ஹெல்விடியஸ் பிரிஸ்கஸ் என்ற செனட் உறுப்பினரிடம் பேரரசர் வெஸ்பேஷியன், "நாளைக்குச் சபைக்கு வராதே" என்று சொல்லி அனுப்புகிறார். "என்னை உறுப்பினர் பதவியிலிருந்து எடுப்பது உன் கையில். உறுப்பினராக இருக்கும் வரை வரத்தான் வேண்டும்." "சரி, வா, வாயைத் திறக்காதே." "என் கருத்தைக் கேட்காதே, பேசவில்லை." "கேட்டாக வேண்டுமே." "அப்போது சரியென்று பட்டதை நான் சொல்லியாக வேண்டுமே." "சொன்னால் கொன்றுவிடுவேன்." "நான் சாகாவரம் வாங்கியவன் என்று எப்போது சொன்னேன்? நீ உன் வேலையைச் செய், நான் என் வேலையைச் செய்கிறேன்." பிறகு அவர் நாடு கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்.

பெரியவர் இதைக் கேட்டதும் பேச்சைப் பின்னி ஆலை பக்கம் திருப்பிவிட்டார். 1918இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தது நம் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகத்தான். முதலாளி மனசு நம் கையில் இல்லை, சங்கத்துக்குப் போவது நம் கையில் இருக்கிறது என்றார். நான் ஒப்புக்கொண்டேன். எது என் கையில் என்று கேட்கும்போது, நாற்பது பேர் சேர்ந்தால் கை பெரிதாகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இது எபிக்டெட்டஸ் சொல்லவில்லை, பெரியவர் சொன்னது.

இது நம்ம திருக்குறள்ல இல்லாததா?

நிறைய இருக்கிறது. இடுக்கண் அழியாமை என்று ஒரு அதிகாரமே உண்டு. "வெள்ளத் தனைய இடும்பை அறிவுடையான் உள்ளத்தின் உள்ளக் கெடும்" என்ற குறளை வெள்ளம் வடிந்த வாரத்தில் படித்துப் பாருங்கள், பள்ளிக்கூடத்தில் படித்த குறள் இல்லை அது. கணியன் பூங்குன்றனார் "தீதும் நன்றும் பிறர்தர வாரா" என்றார், உயிர் ஆற்று வெள்ளத்தில் போகும் தெப்பம் மாதிரி என்றார். ஸ்டோயிக்குகளின் உவமை நாய்: வண்டியில் கட்டிய நாய் கூடவே ஓடினால் ஓட்டம், வராவிட்டால் இழுவை. தெப்பம் எனக்கு மேலாகப் படுகிறது. நாய் உவமையில் கொஞ்சம் எரிச்சல் இருக்கிறது.

பிறகு எதற்கு வெளிநாட்டுக்காரர்கள்? தினமும் உட்கார்ந்து செய்யும் பயிற்சியாக அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்காகத்தான்.

அந்தப் பயிற்சி என்ன?

காலையில், இன்றைக்கு யாரெல்லாம் எரிச்சல் மூட்டுவார்கள் என்று முன்கூட்டி நினைத்துக்கொள்வது. ராத்திரி, செனிகா செய்த மாதிரி, விளக்கை அணைத்து மனைவி பேச்சை நிறுத்திய பிறகு அன்றைய நாளைத் தனக்குத்தானே விசாரிப்பது. எங்கே தப்பு செய்தேன், எது சரி, எதை விட்டேன். தன்னைத் திட்டிக்கொள்வதில்லை, "இந்தத் தடவை மன்னிக்கிறேன், திரும்பச் செய்யாதே" என்கிறார். நான் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதுகிறேன். பாதி நாள் தூங்கிவிடுவேன்.

அவ்வப்போது சில நாள் ஏழையைப் போல எளிய சோறு, முரட்டுத் துணி என்று வாழ்ந்து பார்க்கவும் செனிகா சொல்கிறார். இது கோடீஸ்வரர்களுக்கான பயிற்சி. நமக்கு 25ஆம் தேதிக்கு மேல் தானாகவே நடக்கிறது.

செனிகா பணக்காரர், மார்கஸ் ராஜா. அவங்க சொன்னா நாம கேக்கணுமா?

செனிகா மேல் எனக்கும் சந்தேகம் உண்டு. எட்டு வருஷம் கோர்சிகா தீவில் நாடு கடத்தப்பட்டுக் கிடந்தவர், அப்புறம் நீரோவுக்கு ஆசிரியராகிப் பெரும் பணம் சேர்த்தார். பொ.ஆ. 65இல் அதே நீரோவின் உத்தரவில் உயிரை விட்டார். அதனால்தான் எபிக்டெட்டஸ் என்றேன். அவர் வீட்டில் இருந்த இரும்பு விளக்கு ஒருநாள் திருடு போயிற்று. ஓடிப் போய்ப் பார்த்தால் இல்லை. "நாளைக்கு மண் விளக்கு வாங்கிக்கொள்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், அவர் செத்த பிறகு அவருடைய மண் விளக்கை எவனோ 3,000 திராக்மா கொடுத்து வாங்கினானாம், அந்த வெளிச்சத்தில் படித்தால் ஞானம் வரும் என்று.

இதைப் படித்தால் மன அழுத்தம் போய்விடுமா?

போகாது. எல்லிஸ், பெக் போன்ற மனநல நிபுணர்கள் சிந்தனையை மாற்றும் சிகிச்சை முறைகளை உருவாக்கியபோது ஸ்டோயிக்குகளிடம் கடன் வாங்கியதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அது சிகிச்சை, இது வாசிப்பு. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாக வேண்டும் போல இருக்கிறது என்றால் என் கடைக்கு வர வேண்டாம், டாக்டரிடம் போங்கள். 14416 அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

எபிக்டெட்டஸின் கைநூல். சின்னது. அவர் எழுதவில்லை, மாணவர் அர்ரியன் குறிப்பெடுத்தது. ஒரு நாளைக்கு ஒரு பத்தி, அதற்கு மேல் வேண்டாம்.

அந்த ஜெராக்ஸ் மிஷின் என்ன ஆச்சு?

தத்துவம் எல்லாம் பேசி முடித்த பிறகு எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டார். தவணை அதற்கப்புறம் பதினொரு மாதம் போயிற்று, இல்லாத மிஷினுக்கு. கடைசித் தவணை கட்டிய அன்று கடன் முடிந்ததற்கு ஒரு சான்று கொடுத்தார்கள், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி. அடுத்த தெருக் கடையில் போய் எடுத்தேன். பக்கம் இரண்டு ரூபாய். தொழில்காரன் என்று குறைக்கவும் இல்லை.